கடைசி வீட்டுக் குரல்

அந்தக் குரல் பஸ் நிற்கிற வளைவிலிருந்து வரவில்லையே, என்று பூவாயி நினைத்தாள். பாறைக்குக் கீழேயிருந்தல்லவா வருகிறது. பாறைக்குக் கீழே பாதையே கிடையாதே.

கையிலிருந்த துடுப்பு களிப் பானைக்குள் அப்படியே நின்றது. சாயங்காலம்கூட இன்னும் ஆகவில்லை. ஆனால் அந்த வருடத்தின் முதல் மேகம் இறங்கிவிட்டிருந்தது. இறங்கியது என்று சொல்வதுதான் வழக்கம், உண்மையில் அது கீழேயிருந்து ஏறித்தான் வரும். முதலில் காப்பிச் செடிகளின் தூரை நனைத்து, சில்வர் ஓக் மரங்களை இடுப்பு வரைக்கும் விழுங்கி, பக்கத்து வீட்டு மருதாயியின் ஆட்டுப்பட்டியை அழித்து, கடைசியில் வாசலில் கட்டிய கொடிக்கயிறும் அதில் தொங்கும் கலாவதியின் பள்ளிக்கூடப் பாவாடையும் மட்டும் மிச்சமிருக்க, பூமியே அவ்வளவுதான் என்பதுபோல் நின்றுவிடும். அப்போது சத்தங்கள் இடம் மாறும். தூரத்துக் கோடாலி காதருகே வெட்டும். காதருகே கத்துகிற ஆடு எங்கோ பள்ளத்தில் இருக்கும்.

ஆனால் பூவாயியின் காது அதிலெல்லாம் ஏமாறாது. வெள்ளக்கடைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவளுடையது கடைசி வீடு. பஸ் ரோட்டு வளைவிலிருந்து ஏறி வரும் ஒற்றையடிப் பாதை அந்த வீட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும். ஒன்று லைனுக்கு வரும். மற்றது பாறைக்குப் போய், சமவெளியைப் பார்த்தபடி வெறும் காற்றில் முடியும். மேகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஏறி வருகிறவர்கள் பிரிவுக்கு முன்னாலேயே நின்று “ஓஓய்” என்று குரல் கொடுப்பார்கள். கடைசி வீட்டுக்காரி “இந்தாஆ” என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடந்து வந்துவிடுவார்கள். யார், எந்த ஊர், உறவா பகையா என்று கேட்கிற வழக்கமில்லை. பதில் குரல் வராவிட்டால் ஒரு அடி எடுத்து வைக்காதே, நின்ற இடத்தில் உட்கார். மேகம் கலைகிற வரைக்கும் உட்கார். பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். மேகம் இறங்கினால் கடைசி வீட்டுக்காரி களைவெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அதற்கு அரைநாள் கூலி பிடிக்க மாட்டார். அவளும் ஒரு வேலையாகத்தான் வந்திருக்கிறாள் என்று கணக்கு.

“ஓஓஓய்…”

மறுபடியும். மெலிந்து, வெகு கீழேயிருந்து. மலை ஆள் அழைத்தால் கடைசியில் வெட்டி நிறுத்துவான். இது நிற்காமல் இழுத்துக்கொண்டே போய், எங்கே விடுவது என்று தெரியாததுபோல் தேய்ந்தது. யாரோ ஒருவர் ஒரே ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொண்ட அழைப்பு.

அவள் தொண்டையில் “இந்தாஆ” தானாகவே எழும்பி வந்தது. உதடு திறந்தேவிட்டது. களி ஒட்டிய புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் குரலை அவள் முன்பே கேட்டிருந்தாள். இந்த மலையில் அல்ல. கடற்கரையில்.

*

அவளைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது மருதாயிதான். பூவாயியின் புருஷன் சென்றாயன் சேலத்து ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் செத்து, அதன் பிறகு ஒரு காப்பிப் பழப் பறிப்பும் முடிந்திருந்தது. பூவாயி அழவில்லை. வேலைக்குப் போனாள், கூடை நிறையப் பறித்தாள், சோறாக்கினாள், மகளுக்குத் தலை பின்னினாள். ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கிவைத்துவிட்டு, தோல் பொசுங்கிய வாசனை வந்த பிறகுதான் கையைப் பார்த்தாள். வலி எங்கோ இருந்தது. ஆனால் அது அவளுக்கு வந்த வலியாகத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைக் கேட்பதுபோல் இருந்தது.

“ஏம்புள்ள, அழுதாவது தொலை, இல்லீனா சிரிச்சாவது தொலை,” என்றாள் மருதாயி. “இப்புடி ஆட்டுக்கல்லாட்டம் குந்தியிருந்தீன்னா பாக்கறவங்களுக்குப் பயமா இருக்குது. கடலப் பாத்தா மனசு ஆறும்ங்கறாங்க. ரைட்டரு வேன் பேசறாரு. உன்னையும் கலாவையும் சேத்துச் சொல்லிட்டேன்.”

ரைட்டர் ஆறுமுகம் வருடா வருடம் கோயில் டூர்தான் போடுவார். எண்பத்தி மூணாம் வருடம் மாசி மாதத்தில் மட்டும், பெண்கள் எல்லாம் கூடி நின்று, “கோயிலுந்தான் நம்ம சேர்வராயன் மலமேலயே இருக்குதுங்களே, கடலக் காட்டுங்க ரைட்டரே,” என்று பிடிவாதம் பிடித்ததில், ஒரு பழைய துறைமுகப் பட்டணத்துக்கு வேன் போனது.

எல்லாவற்றையும் காட்டினார்கள். கலங்கரை விளக்கத்தில் சுற்றிச் சுற்றி ஏற வைத்தார்கள். வெள்ளைக்காரன் கட்டிய மாதா கோயிலுக்குள், தரையெல்லாம் கல்லறைக் கல்லாகப் பதித்திருந்தது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு கப்பல், ஒரு மண்டையோடு.

“செத்தவனுங்க மூஞ்சி மேல நடக்க வெக்கறீங்களே ரைட்டரே, காலு வெளங்குமா?” என்று மருதாயி சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனதைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடலைப் பார்த்தாள் பூவாயி. நிறையத் தண்ணீர் இருந்தது. கலாவதி அலைக்குள் ஓடுவதும் கத்துவதும் கிளிஞ்சல் பொறுக்கி அவள் மடியில் போடுவதுமாக இருந்தாள். நான் இப்போது சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது, என்று பூவாயி நினைத்துக்கொண்டாள்.

கடைசியாகக் கோட்டை. கோட்டைக்குள் காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. துருப்பிடித்த பீரங்கியும் காக்கை எச்சமும்தான். ரைட்டர் வாட்ச்மேனிடம் ஏதோ பேசி, மூடியிருந்த ஒரு கிடங்கைத் திறக்க வைத்தார். படி இறங்கிப் போக வேண்டியிருந்தது. உள்ளே வௌவால் புழுக்கையும் மக்கிய சாக்கும் உப்பும் கலந்த நெடி. சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். வாசலிலிருந்து வந்த வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிட, அதற்கப்பால் கிடங்கு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை.

“வெள்ளக்காரன் காலத்துல பஞ்சம் வந்துச்சுல்ல,” என்றார் வாட்ச்மேன், சாவிக்கொத்தைச் சுழற்றியபடி. நூறு தடவை சொன்ன கதையைச் சொல்கிற குரல். “மேட்டு நாட்டு சனத்த எல்லாம், தோட்டத்துல வேலை இருக்குன்னு கூட்டியாந்து இதுக்குள்ள அடைச்சுப் போடுவானாம். ஆளு சேந்தாத்தான் கப்பல எடுப்பான். சேர்ற வரைக்கும் இந்த இருட்டுலதான் கெடக்கணும்.”

“எந்த ஊருத் தோட்டத்துக்கு?” என்றாள் கலாவதி.

“அது அவங்களுக்கே தெரியாது பாப்பா.”

எல்லோரும் படியேறத் தொடங்கினார்கள். பூவாயி கடைசியாக நின்றாள். அப்போதுதான் இருட்டின் அந்தக் கோடியிலிருந்து, கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல், ஒரு குரல் கேட்டது. அழைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வழி தெரியாமல் வெகுநேரம் நின்ற ஒருவர், யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை வாயைத் திறந்து பார்ப்பதுபோல.

“ஓஓஓ…”

அவள் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு, குரல் வந்ததும் குரல் கொடுத்துவிட்டது.

“ஓஓய்! இந்தாஆ!”

கிடங்கு முழுவதும் அது உருண்டு போனது. மேலே படியில் மருதாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யாருக்கடி குரல் குடுக்கறே? கடலுக்கா? வந்து களி திங்கட்டும்னு கூப்புடறியா?”

வாட்ச்மேன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தார். “யாருக்கும்மா பதில் சொன்னீங்க? அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட கடலுதான்.”

பூவாயி படியேறி வந்தாள். வேனில் வெகுதூரம் வந்த பிறகுதான் தன் உள்ளங்கை சூடாக இருப்பதைக் கவனித்தாள். சென்றாயன் போனதிலிருந்து அவளுக்குள் எதுவும் அசைந்ததில்லை. அந்த ஒரு கணம் அசைந்திருந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் இருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான். அதை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

*

வெயில் மாதங்களில் ஒன்றுமில்லை. ஆனியில் அந்த முதல் மேகத்தோடு வந்தது, பாறைக்குக் கீழே, சமவெளியிலிருந்து ஏறி வருகிறவர்போல. அடுத்த மேகத்தில் கொஞ்சம் மேலே. பூவாயி பதில் கொடுக்கவில்லை. ஆனால் மேகம் இறங்கும் நாட்களில் தான் காத்திருப்பதை அவள் கண்டுபிடித்தாள். கொடியில் துணி எடுக்கப் போனவள் துணியை மறந்துவிட்டு நிற்பாள். வரவில்லையென்றால் ஏமாற்றமாக இருந்தது. அது யாராக இருந்தாலும், அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை பேரை விட்டுவிட்டு, அவளைத்தானே தேடி வருகிறது. இந்த நினைப்பு வந்த அன்றுதான் அவள் முதன்முதலாகத் தன்னைக் கண்டு பயந்தாள்.

பயம் அத்தோடு போகவில்லை. குரல் கற்றுக்கொண்டே வந்தது. ஆடி பிறந்தபோது இழுவை குறைந்திருந்தது. பிறகு ஒருநாள் மலை ஆள் மாதிரியே வெட்டி நிறுத்தியது. ஒருநாள் பாறைப் பக்கமிருந்து வந்தது. இன்னொரு நாள் பாதைப் பிரிவிலிருந்தே வந்தது. அன்று அவளால் இனம்பிரிக்க முடியவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “ஓஓய்… ஓஓய்…” வெகுநேரம். பிறகு கற்கள் சரியும் சத்தம்.

அது தலைச்சோலை ஊர்க் குழந்தைவேல். லைனில் அக்காளைப் பார்க்க வந்தவன். பதில் வராத இடத்தில் உட்காராமல், பொறுமை கெட்டு நடந்திருக்கிறான். பாறை விளிம்பில் ஒரு மரத்தூரில் மாட்டிக்கொண்டதால் கால் மட்டும் முறிந்தது.

“ஊட்டுக்குள்ளயே இருந்திருக்கறே!” மருதாயி வாசலில் நின்று கத்தினாள். இந்தத் தடவை விளையாட்டு இல்லை. “அந்தப் பையன் தொண்ட கிழியக் கூப்புட்டிருக்கறான். ஒரு குரலு குடுக்க உனக்கென்ன கேடு? நாளைக்கு உன்ற மவளே அங்க நின்னு கூப்புட்டா என்ன பண்ணுவே?”

“அது அவன்னு எனக்குத் தெரியலைக்கா.”

“யாரா இருந்தா உனக்கென்ன? யாருன்னு பாத்துத்தான் குரல் குடுப்பியா?”

அதற்குப் பதில் இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். மருதாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சாமி, உனக்கு என்னாச்சு?” என்றாள்.

மறுநாள் ரைட்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. “தொண்ட சரியில்லையாம், மருதாயி சொல்லுச்சு,” என்றார். பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள். “வேற ஊட்டுக்கு மாத்தட்டுமா? இல்ல வேற ஏதாச்சும் வழி சொல்றியா?”

“இரும்பு அடிக்கட்டுங்களா? ஆபீசுல காத்தால அடிக்கற மாதிரி. சத்தம் வர்ற பக்கம் வந்தாப் போதுமில்லீங்க?”

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஸ்டோரில் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றை வாசல் விட்டத்தில் தொங்கவிட்டு, அடிக்க ஒரு கம்பியும் கொடுத்தனுப்பினார். மேகம் இறங்கினால் பூவாயி அதை விட்டு விட்டு அடிப்பாள். ஜனங்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். “பூவாயி வாயத் தொறந்தா முத்து உதுந்துரும்னு ரைட்டரு இரும்பு மாட்டிக் குடுத்துட்டாரு,” என்று மருதாயி பழையபடி கேலி பேசத் தொடங்கினாள். பாறைப் பக்கத்துக் குரல் நின்றுவிட்டது. இரும்பு அடிக்க ஆரம்பித்த பிறகு ஒருதடவைகூடக் கேட்கவில்லை. அதற்கு வேண்டியது மனுஷக் குரல், இரும்பு அதற்குப் புரியாது என்று பூவாயி முடிவு கட்டிக்கொண்டாள். ராத்திரிகளில் தூங்கினாள். வாய் மட்டும் தூக்கத்திலும் இறுகியே இருந்ததாகக் கலாவதி சொன்னாள்.

குரல் கொடுப்பதற்கும் இரும்பு அடிப்பதற்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை அவள் யோசிக்கவில்லை. குரல், அழைப்பைக் கேட்ட பிறகு கொடுப்பது. இரும்பை, யாரும் அழைக்காதபோதே அடிக்கலாம்.

*

ஆடி முடியப் போகும் ஒருநாள் விடிந்ததிலிருந்தே மேகம். மத்தியானம் இன்னும் கெட்டிப்பட்டது. ரைட்டர் பூவாயியை வீட்டுக்கு அனுப்பினார். மற்றவர்கள் எல்லோரும், மருதாயியும்கூட, தூரத்துக் காட்டில் களைவெட்டில் இருந்தார்கள். லைனில் ஒரு வீட்டிலும் புகையில்லை.

கலாவதி ஏற்காட்டில் ஏழாவது படித்தாள். சாயங்கால பஸ்ஸில் வளைவில் வந்து இறங்குவாள். அந்த வளைவில் டிரைவர் எப்போதும் நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார், மேகத்தில் எதிரே வருகிறவர்களுக்காக. அது கேட்டுக் கொஞ்ச நேரத்தில் “ஓஓய்! அம்மோவ்!” என்று கேட்கும். பூவாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கொடிக்கயிறுகூடத் தெரியவில்லை. மேகம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்பு வெளிச்சத்தில் மஞ்சளாகி நின்றது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வெளிச்சம் காலையிலிருந்து ஒரே மாதிரி இருந்தது. பஸ் வந்திருக்குமோ. ஹாரனை நான் கேட்காமல் விட்டிருப்பேனோ. குழந்தை பிரிவில் வந்து நிற்கிறதோ.

கம்பியை எடுத்து அடித்தாள். நின்று கேட்டாள். மறுபடி அடித்தாள்.

காலடிச் சத்தம் வந்தது. மெதுவாக, ஈரமாக, ஒவ்வொரு அடியையும் தரை இருக்கிறதா என்று பார்த்து வைப்பதுபோல. பாவாடையும் தாவணி போல் சுற்றிய துண்டுமாக மேகத்திலிருந்து கலாவதி வந்தாள். அம்மாவைத் தாண்டி உள்ளே போய், அடுப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா கண்ணு?”

“வந்துட்டேம்மாஆ.”

பூவாயிக்கு மூச்சு வந்தது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து தலையைத் துவட்டினாள். மேகத்தில் நடந்து வந்தால் தலையில் பனித்துளி பூத்திருக்கும். இது சொட்டியது. கூந்தல் கனத்துக் கயிறு கயிறாகத் தொங்கியது.

“கீழ மழையா சாமி?”

“இல்லம்மாஆ.”

“பையி எங்க?”

கலாவதி மழை நாளில் வந்தால் முதல் வேலையாக அடுப்புக்குள்ளேயே விழுவதுபோல் கையை நீட்டுவாள். இப்போது கைகள் மடியில் இருந்தன. கூந்தலிலிருந்து ஒரு சொட்டு அடுப்புக் கல்லில் விழுந்து பொரிந்தது. நீர் போன இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நின்றது. இன்னொரு சொட்டு. இன்னொரு வெள்ளை வளையம்.

பூவாயியின் கை துவட்டிக்கொண்டே இருந்தது. துண்டு நறநறவென்றது. மணல்.

“பஸ்ஸுல கூட்டமா?” என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நொம்பக் கூட்டம்மா. குந்தக்கூட எடமில்ல. ஒருத்தரு மேல ஒருத்தரு படுத்திருந்தோம்.”

துண்டு நின்றது.

அப்போது கீழே, வளைவில், பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

பூவாயி பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகு சுவரில் முட்டியது. பயம் வர வேண்டும், என்று நினைத்தாள். வந்தது, ஆனால் அதுவும் எங்கோ அடுத்த வீட்டில் நடந்தது. அவளிடம் வந்து சேரவில்லை. அடுப்புக்கு முன்னால் இருந்தது திரும்பவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

பஸ் உறுமி நகரும் சத்தம். தேயும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு செருப்புச் சத்தம், கல்லில், வேகமாக, விளையாட்டாக. நின்றது.

“ஓஓய்! அம்மோவ்! நான்தான்!”

வெட்டி நிறுத்திய குரல். அவள் பெற்ற குரல்.

“இரும்ப அடிம்மா!”

வாசலுக்கு ஓடினாள். நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

மேகத்துக்குள் அவர்கள் நின்றார்கள். காலையில் ஆபீஸ் முன்னால் ஆள் பிரிக்கும்போது நிற்பார்களே, அதுபோல. வரிசையாக. ஆணும் பெண்ணும். முகம் தெரியவில்லை. நனைந்த தலைகள் மட்டும். கொடிக்கயிறு வரைக்கும். அதற்கு அப்பாலும். யாரும் அசையவில்லை. உப்பு நெடி. எங்கும் மெல்லிய சரசரப்பு, மணல் உதிர்வதுபோல. வெகு நாளாகக் காத்திருந்து பழகியவர்கள்.

பாதை அவர்களுக்கு நடுவில்தான் இருந்தது.

“ஓஓய்! அம்மா!”

“குரல் குடும்மா,” என்றது உள்ளேயிருந்து. இப்போது எழுந்து நின்றிருந்தது. “பாவம், நிக்கறா பாரு. அவளுக்குக் குளுரும்.”

பூவாயி திரும்பவில்லை.

“இன்னும் ஆளு சேரலம்மா. ஆளு சேந்தாத்தான் எடுப்பாங்க. எத்தன காலமா நிக்கறோம். நீ ஒருத்திதாம்மா குரல் குடுத்தே.”

வராதே என்று கத்தலாம். மேகத்தில் வார்த்தை போய்ச் சேராது, குரல்தான் சேரும். அம்மாவின் குரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவள் வருவாள். ஓடியே வருவாள். இவர்களுக்கு நடுவில். கத்தாவிட்டால்? பதில் வராத இடத்தில் உட்கார். அவள்தான் சொல்லித் தந்தாள். நடை பழகும்போதே. உட்காரு கண்ணு. உட்காரு. குழந்தைவேல் உட்காரவில்லை. உட்காரு சாமி.

கம்பியை எடுத்தாள். நுனியைத் தரையில் இழுக்காமல், சத்தம் வராமல், சேலைக்குள் சுற்றிக்கொண்டாள்.

“அம்மா? அம்மோவ்?” கீழே அந்தக் குரலில் முதல் தடவையாகப் பயம் ஏறியது. “ஊட்டுல இல்லியா? அம்மா!”

ஈரக் காலடி பின்னால் வந்து, அவளைச் சுற்றி, முன்னால் நின்றது. கலாவதியின் உயரம். கலாவதியின் நெற்றித் தழும்பு. கண்களில் மட்டும் வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது, அந்தக் கிடங்கில் நின்றதுபோல. அது கையைத் தூக்கி, கைக்குழந்தையாக இருந்தபோது கலாவதி செய்வாளே, அப்படியே, சின்ன விரல்களை அவள் உதட்டின் மேல் வைத்தது. குளிர். உப்பு. விரல்கள் உதட்டைப் பிரிக்கப் பார்த்தன, பொறுமையாக, செல்லமாக.

“ஒரே ஒரு தடவம்மா. இந்தான்னு சொல்லு.”

மேகத்தில் நின்ற தலைகள் எல்லாம் அவள் வாயைப் பார்த்தன.

கீழே அழுகை கேட்டது. மகள் நடக்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா என்று தெரியவில்லை.

மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு குரல் வேண்டும். பூவாயி பற்களைக் கடித்து, அந்த விரல்கள் உதட்டில் இருக்கும்போதே, இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.